புகைக்குக் கணக்குக் கேட்ட பேராசிரியர்

பிகு என்ற பெயரைக் கேட்டால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது அவருடைய குடும்பப் பெயர். முழுப் பெயர் ஆர்தர் செசில் பிகு. கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர்கள் மார்ஷல், பிகு, கெயின்ஸ் என்று வரிசையாக மனப்பாடம் செய்திருப்பார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்தும் இருப்பார்கள். உண்மையில் பிகு பண்ணவே தெரியாத மனிதர் அவர். உலகப் புகழ் பெற்ற பேராசிரியராக இருந்தும் பழைய, கசங்கிய உடையிலேயே திரிந்தவர். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஆலைப் புகையால் ஊருக்கு ஏற்படும் நஷ்டத்தையும் கணக்கில் எழுத வேண்டும் என்று பொருளாதார நூலிலே வாதாடியவர் அவர். சுற்றுச்சூழல் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம் அது.

1877-ஆம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில் உள்ள ரைடு என்ற ஊரில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. ஹாரோ பள்ளியில் படித்து, பிறகு கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் படித்தது வரலாறு. கவிதைக்குப் பரிசும் வாங்கினார். பொருளாதாரத்துக்குப் பிறகுதான் வந்தார். அவரை அந்தப் பக்கம் ஈர்த்தவர் ஆல்பிரட் மார்ஷல் என்ற பெரும் பேராசிரியர்.

1908-இல் மார்ஷல் ஓய்வு பெற்றார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள் இருக்க, அந்த நாற்காலி பிகுவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுதான். 1943 வரை, 35 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

1912-இல் அவர் எழுதிய ‘செல்வமும் நலனும்’ என்ற நூல் 1920-இல் விரிந்து ‘நலப் பொருளாதாரம்’ என்ற பெரிய நூலாயிற்று. அவர் பெயர் நிலைத்தது அந்த நூலால்தான்.

அதில் அவர் சொன்னது எளிமையானது. ஒருவன் ஒரு தொழில் செய்கிறான். அதில் அவனுக்குக் கிடைக்கும் லாபம் ஒன்று. அதனால் ஊருக்குக் கிடைக்கும் லாபம் வேறொன்று. இரண்டும் ஒன்றாக இருந்துவிட்டால் தொல்லை இல்லை. ஆனால் பல இடங்களில் அப்படி இருப்பதில்லை. ரயில் என்ஜினின் தீப்பொறி பறந்து பக்கத்துத் தோப்பு எரிகிறது. ரயில் கம்பெனியின் கணக்கில் அந்தத் தோப்பு செலவாக ஏறுவதில்லை. ஆலை முதலாளி கரி எரிக்கிறான். கரிக்குக் காசு கொடுக்கிறான், கூலிக்குக் காசு கொடுக்கிறான். புகைக்கு யார் காசு கொடுப்பது?

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும் என்றார். வீட்டு வாசலில் ஒருவர் விளக்கு வைத்தால் தெருவில் போகிறவருக்கும் வெளிச்சம். ஒருவர் தன் நிலத்தில் காடு வளர்த்தால் சுற்று வட்டாரத்துச் சீதோஷ்ணமே நன்றாகும். ஆனால் அவருக்கு யாரும் அதற்காகப் பணம் தருவதில்லை. ஆகவே கெடுதல் செய்யும் தொழிலுக்கு அந்தக் கெடுதலின் அளவுக்கு வரி போடலாம். நன்மை செய்யும் தொழிலுக்கு மானியம் கொடுக்கலாம். இன்று உலகம் முழுவதும் பிகு வரி என்று சொல்லப்படுவது இதுதான்.

மான்செஸ்டர் சலவைக் கணக்கு

வரி போடுவதென்றால் எவ்வளவு போடுவது? புகையைத் தராசில் நிறுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு அவர் எடுத்துக் காட்டிய ஒரு கணக்கு, அந்தப் பெரிய நூலில் அடிக்குறிப்பாக இருக்கிறது. படித்தவர்களில் பலர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

மான்செஸ்டர் பருத்தி ஆலைகளின் நகரம். வானத்தை மறைத்த புகைபோக்கிகள். துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணி மாலைக்குள் கறுத்துவிடும். பம்பாய் பரேலில் ஆலைகள் ஓடிய நாளில் சால்களில் குடியிருந்தவர்களுக்கு இந்தச் சங்கதியைப் புத்தகம் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

1918-இல் அந்நகரின் காற்று மாசு ஆலோசனைக் குழு ஒரு விசாரணை நடத்தியது. மான்செஸ்டர் தொழிலாளர் வீட்டில் வாரத் துணி துவைக்க என்ன செலவு ஆகிறது, புகை இல்லாத ஹாரோகேட் என்ற ஊரில் அதே தரத்து வீட்டில் என்ன செலவு ஆகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தது. மான்செஸ்டர் வீட்டில் வாரத்துக்கு 7½ பென்ஸ் கூடுதல் செலவு.

7½ பென்ஸ் என்றால் சில்லறைக் காசு. ஆனால் வருஷத்துக்குப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு 1 பவுன் 12 ஷில்லிங் 6 பென்ஸ். ஏழரை லட்சம் மக்கள் கொண்ட நகருக்கு மொத்தமாகப் போட்டால் ஆண்டுக்கு 2 லட்சத்து 90 ஆயிரம் பவுனுக்கு மேல். ஆலை முதலாளிகளின் ஐந்தொகையில் இந்தத் தொகை ஒரு வரியிலும் இல்லை. அதைக் கட்டியவர்கள் துணி துவைத்தவர்கள்.

அந்தத் தொகையும் முழுமையானதல்ல. சோப்பும் எரிபொருளும் மட்டுமே அதில் சேர்ந்தன. கூடுதலாகத் துவைத்த பெண்களின் உழைப்பு சேரவில்லை. வசதியான வீடுகளில் செலவு இதைவிட அதிகம். அதையும் தொழிலாளர் வீட்டு அளவுக்கே எடுத்துக்கொண்டார்கள். இருமலும் மார்ச்சளியும் கணக்கிலேயே இல்லை.

காசால் அளப்பதில் உள்ள இந்த ஓட்டையை பிகு நன்றாக அறிந்திருந்தார். அவர் சொன்ன ஓர் உதாரணம் பிரபலம். ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணையே மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடுகிறது. அவள் செய்யும் வேலை அதேதான். சம்பளம் நின்றதால் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. அளவுகோல் குறையுள்ளது என்று தெரிந்தும் அதை அவர் எறிந்துவிடவில்லை. கணக்கே போடாவிட்டால் அதிகாரிகளின் மேஜையில் நஷ்டம் பூஜ்யமாகத்தானே நிற்கும்?

அரசாங்கத்தை அவர் கண்மூடி நம்பியவரும் அல்ல. அதிகாரிகளுக்கு அறியாமை உண்டு, செல்வாக்குள்ளவர்களின் நிர்ப்பந்தம் உண்டு, லஞ்சமும் உண்டு என்று எழுதியிருக்கிறார். இருந்தாலும் இன்னும் பிறக்காத தலைமுறைக்கும் அரசாங்கமே தர்மகர்த்தா என்பது அவர் கருத்து. மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் வலை வீசுவதையும், மண்ணின் சத்தை உறிஞ்சும் விவசாயத்தையும் அவர் கண்டித்தது இதனால்தான்.

போரும் தனிமையும்

முதல் உலகப் போரில் அவர் துப்பாக்கி தூக்க மறுத்தார். கோழைத்தனம் என்று சிலர் பேசினார்கள். ஆனால் ஒவ்வொரு விடுமுறையிலும் போர்முனைக்குப் போய் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் குண்டு விழும் இடங்களில் காயம்பட்டவர்களை ஏற்றி வந்தார். அங்கே பார்த்தவை அவரை மாற்றிவிட்டன. வேடிக்கையாகப் பேசிச் சிரித்தவர் வரவரத் தனிமை விரும்பியானார். ஏரிகளும் மலைகளும் சூழ்ந்த பட்டர்மியரில் ஒரு சிறு வீடு வைத்துக்கொண்டு மலை ஏறுவது ஒன்றே இன்பமாக இருந்தது. 1920-களின் கடைசியில் இதய நோய் வந்து அதற்கும் தடை போட்டது.

கெயின்ஸ் விவகாரத்தைச் சொல்லாமல் பிகுவின் கதை முடியாது. கெயின்ஸ் கேம்பிரிட்ஜில் பாடம் சொல்ல வந்த புதிதில் அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம். அதைத் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தவர் பிகு. அதே கெயின்ஸ் 1936-இல் வெளியிட்ட நூலில், பழைய பொருளாதாரத்தின் பிரதிநிதி என்று பிகுவைத்தான் நிறுத்தித் தாக்கினார். பிகுவும் காரமாகவே பதில் எழுதினார். பத்து ஆண்டுக்குப் பிறகு, 1946-இல் கெயின்ஸ் இறந்துபோனார்.

1949-இல் பிகு கேம்பிரிட்ஜில் இரண்டு சொற்பொழிவு நிகழ்த்தினார். வயது 71. கெயின்ஸ் நூலின் முக்கியமான கருத்தைத் தாம் அன்று சரியாக மதிக்கத் தவறியதாக மாணவர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். எதிராளி உயிரோடு இல்லை. ஒப்புக்கொள்ளும்படி யாரும் வற்புறுத்தவும் இல்லை. இந்தப் பெருந்தன்மை எத்தனை அறிஞருக்கு வரும்?

1952 டிசம்பர் முதல் வாரத்தில் லண்டனைப் புகைப்பனி மூடியது. ஐந்து நாளில் காற்று விஷமாயிற்று. சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். அதைவிட மிக அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் கூறின. அரசாங்கம் நியமித்த பீவர் குழு 1954-இல் அறிக்கை கொடுத்தது. காற்று மாசினால் நாட்டுக்கு ஆண்டுக்கு 25 கோடி பவுன் நஷ்டம் என்று அதில் தொகை போட்டுக் காட்டினார்கள். 1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் வரி போடவில்லை. புகை கூடாத வட்டாரங்களை ஏற்படுத்தியது. வீட்டு அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப் பணத்திலிருந்து கொடுத்தது. பிகு சொன்ன இரண்டு வழிகளில் மானியம் என்ற வழி அது. அவர் அப்போது உயிரோடு, கிங்ஸ் கல்லூரியின் அறையிலேயே இருந்தார். 1959 மார்ச் 7-ந் தேதி காலமானார்.

அடுத்த ஆண்டே ரொனால்டு கோஸ் என்ற பொருளாதார அறிஞர் அவரை மறுத்து எழுதினார். உரிமை யாருக்கு என்று தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவும் இல்லாவிட்டால், இரு தரப்பும் தாமே பேசித் தீர்த்துக்கொள்ள முடியும், வரி எதற்கு என்பது வாதம். இரண்டு பேர் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு நகரம் முழுவதும் ஆலைகளோடு எப்படிப் பேசும் என்பது வேறு விஷயம். 1991-இல் ஸ்வீடன் நாடு கரியமில வாயுவுக்கு வரி போட்டது. 2010-இல் இந்தியா நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தீர்வை விதித்தது.

தமிழ்நாட்டிலும் இந்தக் கணக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கெடுத்தவனே நஷ்டத்தைக் கட்ட வேண்டும். நிலத்துக்கும் நீருக்கும் நேர்ந்த சேதத்தைத் தொகையாக மதிப்பிட ஓர் அதிகார அமைப்பு வேண்டும் என்றது. தோல் பதனிடும் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போன விவரம் அதில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்பதும் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில், குடிநீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியில் தொகை எதுவும் இல்லை.