வீல்சேரில் உட்கார்ந்தே ஆபரேஷன்: யார் இந்த டாக்டர் மேரி வர்கீஸ்?

கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனா போதுமா? கையைத் தூக்கித் தலை வாரணும், மறுபடி வேலைக்குப் போகணும். இதையும் சிகிச்சையாகப் பார்ப்பதுதான் மறுவாழ்வு மருத்துவம். இங்கே அதற்குப் பாதை போட்டவர் வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ்.

1925-ல் கொச்சி அருகே செராயில் பிறந்தவர். 1954-ல் நண்பர்களோடு போன வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. மகப்பேறு மருத்துவராகும் கனவு அங்கேயே முடிந்தது. ஆனால், கைகள் நன்றாகத்தானே இருந்தன! டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தில், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்.

பெர்த்தில் தானே நோயாளியாகப் பயிற்சி எடுத்தார், நியூயார்க்கில் அதையே படித்தார். 1963-ல் சிஎம்சி மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவர். 1966-ல் பாகாயத்தில் தனி மையம். 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார். அந்த மையத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.