ஜார்ஜ் ஈஸ்ட்மன்

மக்கள் வாழ்வுக்கு உதவும் கருவிகள் பலவும் முதலிற் செல்வர் கையிலே தோன்றி, நெடுநாட் கழித்தே எளியவர் கைக்கு வருதல் உலகியல்பு. அங்ஙனம் வருங்கால், விலையைக் குறைக்கும்பொருட்டு எதனை விடலாம், எதனை விடலாகாது என்று தெளிந்து தேரும் ஒருவர் வேண்டும். நிழற்படக் கலையில் அப்பணியைச் செய்தவர் அமெரிக்கராகிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பார். டிஜிட்டல் காமிராவுக்கு விரிகோண வில்லை ஒன்றைக் குறைந்த விலையில் வாங்க விழைந்து, கடைதோறும் விலை கேட்டு மயங்கும் மாணவர் நம்மிடையே உளர். அவர்க்கு இவர் வரலாறு பயன்படும் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஈஸ்ட்மன் 1854-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள், நியூயார்க் மாகாணத்தைச் சார்ந்த வாட்டர்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். எட்டு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்தார். தாயார் மரியா, ராச்செஸ்டர் நகரில் தம் இல்லத்திற் பிறரைத் தங்கவைத்து உணவளித்து, அவ்வருவாய் கொண்டு மக்கள் மூவரையும் வளர்த்தார். அன்னையின் துயரைக் காணப் பொறாத ஈஸ்ட்மன் 14-ஆம் வயதிற் பள்ளியை விட்டு ஏவற் பையனாகப் பணியில் அமர்ந்தார்; பின்னர் ஒரு வங்கியில் எழுத்தரானார்.

விடுமுறையில் வெளிநாடு சென்று வரக் கருதிய அவர், ஆங்குக் காணும் காட்சிகளைப் படம் எடுக்கவேண்டி 1877-இல் ஒரு காமிரா வாங்கினார். பயணம் நிகழவில்லை; ஆயினும் அக்காமிரா அவர் வாழ்வையே மாற்றியது. அந்நாளிற் படம் எடுப்போர் பெரிய காமிராப் பெட்டி, முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் ஆகிய அனைத்தையும் சுமந்து செல்லவேண்டும். தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவிவிடவும் வேண்டும். இச்சுமையைக் குறைத்தே தீர்வது என உறுதிகொண்ட ஈஸ்ட்மன், பகலெல்லாம் வங்கியில் உழைத்து, இரவில் தாயாரின் அடுக்களையிலே உலர் தகடு செய்து பழகினார். தகட்டில் மருந்து பூசும் பொறி ஒன்றை அமைத்து, 1879-இல் இங்கிலாந்தில் அதற்கு உரிமை பெற்றார். 1881-இல் ஹென்றி ஸ்ட்ராங் என்னும் செல்வருடன் கூடிக் கம்பெனி தொடங்கி, வங்கிப் பணியை விட்டார். மறு ஆண்டில் தகடுகள் பழுதுபட்டன. கைப்பொருள் கரைவதையும் பாராது, விற்ற தகடுகளைத் திரும்பப் பெற்று, நல்லன கொடுத்தார். பொருளினும் சொல்லின் மதிப்பே பெரிது என அவர் கருதியமைக்கு இஃதொன்றே சான்றாம்.

1888-இல் அவர் வெளியிட்ட கோடக் காமிராவே அவர் பெயரை உலகறியச் செய்தது. அதன் வில்லையின் குவியத் தூரம் 57 மில்லிமீட்டர். படமோ இரண்டரை அங்குல விட்டமுள்ள வட்டம். குவியத் தூரம் குறையக் குறைய, அதே அளவான படத்தினுள் அடங்கும் காட்சி விரியும். ஆதலின் ஏறத்தாழ 60 பாகை அகன்ற காட்சி அதனுள் அடங்கிற்று. இவ்விரிவினால் விளைந்த நன்மைகள் பல. சில அடிக்கு அப்பாலுள்ளவை யாவும் ஒருங்கே தெளிவாக விழுந்தமையின், தூரத்துக்கேற்ப வில்லையை நகர்த்தும் அமைப்பு வேண்டாதாயிற்று. குறிபார்க்கும் கண்ணாடியும் இல்லை. பெட்டியின் மேல் வரைந்த இரு கோடுகளே வழிகாட்டின. விளிம்பில் தெளிவு குன்றும் குறையை வட்டச் சட்டம் மறைத்தது. வில்லையின் திறப்புச் சிறியதாகலின் நல்ல வெயில் வேண்டும்; அக்குறையை ஈஸ்ட்மன் அறிந்தே ஏற்றுக்கொண்டார். நூறு படம் எடுத்தபின் பெட்டியையே கம்பெனிக்கு அனுப்பினால், படங்களை அச்சிட்டுப் புதுச் சுருளும் இட்டுத் தந்தனர்.

எனினும் கோடக்கின் விலை 25 டாலர். எளியவர்க்கு அஃது எட்டாக்கனியே. ஆதலால் 1900-இல் பிரௌனி என்னும் அட்டைப்பெட்டிக் காமிராவை, பிரௌனெல் என்பாரைக் கொண்டு அமைப்பித்து, ஒரே டாலருக்கு விற்றார். அதில் இருந்தது ஒற்றை வில்லையே. அதன் திறப்பைச் சுருக்கிக் குறையை அடக்கினர். முதலாண்டிலேயே நூறாயிரத்துக்கு மேற்பட்ட பிரௌனிகள் விலைபோயின, சிறுவரும் படமெடுப்போராயினர்.

இப்புகழில் ஒரு களங்கமும் உண்டு. மறைநூற் செய்திகளைப் படமாகக் காட்ட விரும்பிய ஹன்னிபால் குட்வின் என்னும் குருவானவர், ஒளி ஊடுருவும் படச்சுருளுக்கு 1887-இலேயே உரிமை கோரியிருந்தார். அவ்வுரிமை அவருக்கு 1898-இல்தான் கிடைத்தது. 1900-இல் அவர் இறந்தார். அதற்குள் ஈஸ்ட்மன் கம்பெனி அத்தகைய சுருளை விற்றுப் பெரும்பொருள் ஈட்டிவிட்டது. நெடிய வழக்கின் முடிவில், 1914-இல் 50 இலட்சம் டாலர் கொடுத்துத் தீர்க்க நேர்ந்தது. பெரியார் வரலாறு கூறுவோர் இதனை மறைத்தல் நேர்மையன்று.

ஈட்டிய செல்வத்தைப் பிற்காலத்தில் வாரி வழங்கினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் புனைபெயரில் மறைந்திருந்து பொருளீந்தார்; கறுப்பின மக்களின் கல்விக்கென நிறுவிய டஸ்கீகி, ஹாம்ப்டன் கல்விக்கூடங்களுக்கும், ஏழைச் சிறார்க்கான பல் மருத்துவமனைகளுக்கும் உதவினார். மணம் புரியாது வாழ்ந்த அவர், முதுமையில் முதுகெலும்பைப் பற்றிய நோயால் மிக வருந்தி, 1932 மார்ச்சு 14-இல் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அம்முடிவு நாம் பின்பற்றத் தக்கதன்று, இரங்கத் தக்கது.

1975-இல் அவர் கம்பெனியிலேயே ஸ்டீவன் சாசன் என்பார் டிஜிட்டல் காமிரா ஒன்றைச் செய்து காட்டினார். ஆயினும் அப்புதுவழியிற் பின்தங்கிய அக்கம்பெனி 2012-இல் கடன் தீர்க்க இயலாது நீதிமன்றத்தை நாடியது. கம்பெனி தளரினும், ஈஸ்ட்மன் காட்டிய தேர்வு முறை தளரவில்லை. அன்றைய கோடக் தந்த 60 பாகைக் காட்சியை, இன்று ஏ.பி.எஸ்.-சி அளவுள்ள காமிராவில் 24 மில்லிமீட்டர் வில்லை தரும். காமிராவுடன் பெரும்பாலும் வரும் 18-55 வில்லையோ, 18-இல் அதனினும் விரிந்து காட்டும். ஆதலின் மாணவ நண்பர்காள், முதலிற் கையிலிருப்பதை ஆராய்மின்! அதனினும் விரிவு வேண்டுவோர், பெரிய திறப்புக்கெனக் கூடுதற் பொருள் கொடாது, முக்காலியை நம்பலாம். தானே குவியும் வசதியில்லாப் பழைய வில்லையும் இயற்கைக் காட்சிக்குப் போதும். விளிம்பின் குறை, திறப்பைச் சுருக்கப் பெரிதும் குறையும். எதனை விடலாம் என்று அறிந்தவனுக்கே சிறுபொருளும் பெரும்பயன் தரும்.