ஸர் ஜான் லப்பக்

சுறுசுறுப்பிற்கு எறும்பை எடுத்துக்காட்டுதல் நம்மவர் வழக்கம். அவ்வெறும்பைக் கண்ணாடிக் கூடுகளில் வைத்துப் பல்லாண்டு ஆராய்ந்த அறிஞர் ஒருவரே, மக்கட்கு ஓய்வும் இன்றியமையாததென்பதைச் சட்ட வாயிலாக நிலைநாட்டினார். அவரே ஸர் ஜான் லப்பக் என்னும் ஆங்கிலேயர்.

இவர் 1834-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் பாங்கு நடத்தியவர், வானநூலிலும் வல்லவர். பேரறிஞர் டார்வின் அண்மையில் குடியிருந்தமையால், இவர்க்கு இளமையிலேயே இயற்கை நூலில் வேட்கை மிக்கது. எனினும், பள்ளிப் படிப்பை விடுத்துத் தந்தையாரின் பாங்கில் அமர்ந்தார்.

இங்கிலாந்து பாங்கு முன்னாளில் ஆண்டுக்கு முப்பதுக்கு மேற்பட்ட திருநாட்களில் மூடப்பட்டு வந்தது. லப்பக் பிறந்த 1834-லேயே அவை நான்காகக் குறைக்கப்பட்டன. மாதச் சம்பளம் பெறும் கணக்கர்க்கு இளைப்பாற நாளில்லை. இரக்கமுள்ள முதலாளி ஒருவர் விடுமுறை விட விரும்பினும் இயலாது. அன்று தவணை முடியும் உண்டியலுக்குப் பணம் கொடாவிடின் பாங்கின் நாணயம் கெடும். 1870-இல் பார்லிமெண்டு உறுப்பினரான லப்பக் இம்முடிச்சை அவிழ்த்தார். 1871-இல் அவர் முயற்சியால் நிறைவேறிய சட்டம், இங்கிலாந்தில் ஈஸ்டர் திங்கள், பெந்தெகொஸ்தே திங்கள், ஆகஸ்டு மாத முதல் திங்கள், கிறிஸ்துமஸ் மறுநாள் ஆகிய நான்கையும் பாங்கு விடுமுறையாக்கிற்று. அந்நாட்களில் தவணை முடியும் உண்டியலை மறுநாள் செலுத்தலாம் என்றும் விதித்தது. மக்கள் நன்றி மேலீட்டால் அவ்விடுமுறைக்கு அவர் பெயரையே இட்டு வழங்கினர்.

நிற்க. கடைச் சிப்பந்திகள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இரவு நெடுநேரம் வரை நின்றே ஊழியம் புரிந்தனர். அண்டைக் கடை திறந்திருக்கத் தன் கடையை மட்டும் அடைக்க எவர் துணிவர்? 1886-இல் லப்பக் கொணர்ந்த சட்டம், பதினெட்டு வயதிற்குட்பட்டோரை, உணவு வேளை உட்பட, வாரத்தில் 74 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாதென்றது. இன்று இது மிகுதியாகத் தோன்றும். அன்று இதனைப் பெறுதலே அரிதாயிற்று. அவர் சோர்ந்திலர். 1904-இல், ஓர் ஊரின் கடைக்காரருள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால், அனைவரும் ஒரே நேரத்தில் கடையடைக்க ஆணையிடும் உரிமை அவ்வூர் ஆட்சி மன்றத்திற்குக் கிடைத்தது. 1911-இல் சிப்பந்திகட்கு வாரத்தில் அரைநாள் ஓய்வு சட்டமாயிற்று. 1900-இல் ஏவ்பரி பிரபு என்னும் பட்டம் எய்திய லப்பக், இதனையும் கண்ணாரக் கண்டு, 1913 மே 28-இல் மறைந்தார்.

இவர் சம்பளத்திற்கு உழைத்தவரல்லர், சம்பளம் கொடுத்தவர். ஒருவர் இரக்கத்தால் அளிக்கும் ஓய்வு நிலையாது, எல்லார்க்கும் பொதுவான சட்டமே நல்ல முதலாளியையும் காக்கும் என்பதை அவர் தெளிந்தார். நம் மாகாணத்திலும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி எனப் பொது வரையறை செய்தது.

நம் சங்கத்தாருள் கடை நடத்துவோரும் உளர். சம்பளத்திற்கு உழைப்போரும் உளர். முன்னவர், கடையடைக்கும் வேளையில் சிப்பந்திக்குப் புதுவேலை இடுமுன், அவன் வரவை நோக்கி வீட்டில் விழித்திருக்கும் குழந்தையை நினைப்பாராக. பின்னவர், வேலை நேர வரையறை பிறர் இட்ட பிச்சையன்று, தமக்குரிய உரிமை என்றறிந்து, பணிவோடும் உறுதியோடும் கேட்பாராக.