இப்னு பதூதாவின் செலவு

செலவு என்னும் சொல்லை இன்று நாம் கைப்பொருள் கரைவதற்கே வழங்குகிறோம். சங்கச் சான்றோர்க்கோ அது வழிநடையைக் குறித்த சொல். புறப்பட எண்ணிய தலைவன் தலைவியின் துயர் கண்டு தயங்கி நிற்பதைச் செலவழுங்குதல் என்றனர். ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவிற்குரிய காரணங்களை இலக்கணம் வகுத்தது. இன்று நாம் சுற்றுலா எனக் கூறும் இன்பப் பயணத்திற்கு அவ்வரிசையில் இடமில்லை.

பொருள்வயிற் பிரிவிற்குச் சான்று தேட நம் மாவட்டத்தார் ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. 1922இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனரன்றோ? மழை பொய்க்கும் இக்கரிசல் மண்ணில் தீப்பெட்டிக்கும், பின்னர்ப் பட்டாசுக்கும் வழி திறந்தது அச்செலவே. ஓதலும் பொருளும் அங்கே ஒன்றாயின. அந்நான்கு காரணங்களும் ஒரே மனிதரின் வாழ்நாளில் வந்து கூடிய வரலாறு ஒன்று உண்டு. அம்மனிதர், விருதுநகரிலிருந்து நாம் காலையில் பேருந்தேறி மாலையில் திரும்பிவிடும் மதுரைக்கும் வந்தவர். அவரே இப்னு பதூதா.

மொராக்கோ நாட்டின் தஞ்சியர் நகரில், மார்க்கச் சட்ட அறிஞர் குடும்பம் ஒன்றில், 1304இல் பிறந்தார். 1325இல், இருபத்தொன்றாம் அகவையில், ஹஜ்ஜை நாடித் தனியராகப் புறப்பட்டார். கடமை முடிந்ததும் ஊர் திரும்புவார் என்றே பெற்றோர் எண்ணியிருப்பர். அவர் மீண்டும் மொராக்கோ மண்ணை மிதித்தது 1349இல். இடையில் எகிப்து, சிரியா, ஈராக், பாரசீகம், கிழக்காப்பிரிக்கக் கரை, அனத்தோலியா, வோல்காக் கரைப் புல்வெளி எனச் சுற்றிச் சிந்து நதிக்கரையை அடைந்தார். வாழ்நாளில் அவர் கடந்த தொலைவை ஏறத்தாழ 1,20,000 கிலோமீட்டர் எனக் கணிப்பர். புகைவண்டியும் நீராவிக் கப்பலும் இல்லாத காலத்துக் கணக்கு அது!

தில்லியில் முகமது பின் துக்ளக் அவரைக் காஜியாக அமர்த்தி, ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியமும் வழங்கினார். அள்ளிக் கொடுக்கும் அக்கைகளே தலையையும் கொய்யும் என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். சுல்தானின் சினத்திற்கு ஆளான இறைநேசர் ஒருவரைச் சென்று கண்டதற்காக அவரும் காவலில் வைக்கப்பட்டார். உயிர் தப்பியவர் சிறிது காலம் துறவுக்கோலம் பூண்டிருந்தார். சுல்தான் மீண்டும் அழைத்துச் சீனப் பேரரசருக்குத் தூது போகப் பணித்தார்.

அத்தூது கோழிக்கோட்டுக் கரையிலேயே கடலுள் மூழ்கியது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கியிருந்தமையால் அவர் பிழைத்தார். பரிசுப்பொருள்களை ஏற்றிய கலம் புயலில் உடைந்தது. அவர்தம் உடைமைகளை ஏற்றிய கலமோ அவரை விட்டுவிட்டே சென்றது. வெறுங்கையுடன் தில்லி திரும்ப அஞ்சியவர், ஹொன்னாவர் சுல்தானுடன் சேர்ந்து கோவாப் பகுதிப் போரிலும் பங்குகொண்டார். பின்னர் மாலத்தீவில் காஜியாகி, அரச குடும்பத்தில் மணமுடித்தார். அங்கும் பகை மூண்டது. 1344இல் இலங்கைக்குக் கப்பலேறினார். ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழியில் அவருடன் உரையாடி, பாவா ஆதம் மலையைக் காண வழித்துணையும் தந்து அனுப்பினார்.

இங்கிருந்து அவர் வரலாறு நம் வரலாறாகிறது. மாபர் எனப்பட்ட தமிழ்க்கரையை நெருங்குகையில் கலம் தரைதட்டியது. துணைவரை மிதவையில் ஏற்றிவிட்டு, உடைந்த கலத்தின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு அவ்விரவைக் கழித்தார். விடிந்தபோது படகில் வந்து அவரைக் கரைசேர்த்தவர்கள் இம்மண்ணின் இந்துக் குடிகளே. பெயரறியா அம்மக்கள் வந்திராவிடில் அவரது பயணநூல் நமக்குக் கிட்டியிராது.

அப்போது மதுரையை ஆண்டவர் கியாசுத்தீன் தாமகானி. இப்னு பதூதாவின் மனைவியருள் ஒருவர், மதுரைச் சுல்தானியத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சனின் மகள். தாமகானி மணந்ததும் அவரின் மற்றொரு மகளையே. ஆகவே வந்தவர் உறவினர், விருந்தினர், ஒரே மார்க்கத்தவர். புகழ்ந்து நாலு வரி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ கண்டதைச் சொன்னார். காட்டுவழியில் சிறைப்பட்ட இந்துக்கள் தம்மைக் கொல்வதற்கான கழுமரங்களைத் தாமே சுமந்து வந்ததையும், விடிந்ததும் அவற்றில் ஏற்றப்பட்டதையும், பெண்டிரும் பிள்ளைகளும் கொல்லப்பட்டதையும் விரித்துரைத்தார். உணவு வேளையில் கைதி ஒருவனும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டு, சுல்தானின் சைகையால் மூவரும் வெட்டப்பட்டபோது தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் மறைக்கவில்லை. போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளரின் தோல் வைக்கோல் திணிக்கப்பட்டு மதுரை மதிலில் தொங்கியதையும் பதிந்தார். வேறெந்த அரசரிடமும் தாம் காணாத கொடுமை இது என்றும், இதன் பொருட்டே இறைவன் தாமகானியின் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பளித்தார்.

இப்பகுதியை நம்மவருள் சிலர் சொல்லாது விடுவர். வேறு சிலர் இதனை மட்டுமே சொல்வர். இரண்டும் அவருக்குச் செய்யும் நீதியாகாது என்பதே நம் துணிபு. ஒரு முஸ்லிம் அரசரின் கொடுமையை இத்துணை வெளிப்படையாகப் பதிந்தவர் ஒரு முஸ்லிம் காஜியே. அதற்காக அவரைக் குற்றமற்றவராக்கவும் வேண்டுவதில்லை. அதே தாமகானியிடம் மாலத்தீவின் மீது படையெடுக்கத் திட்டம் வகுத்துக் கொடுத்தவரும் அவர்தாம். அடிமைப் பெண்களை விலைக்கு வாங்கியதைச் சந்தைக் கணக்குப் போலவே கூறிச் செல்கிறார். தமிழகத்தில் நெடுநாள் தங்கியும் அவர் பழகியது அரண்மனைகளிலும் பாளையங்களிலுமே. இம்மக்களின் பேச்சைக் குறித்து அறிய அவர் நூலில் ஏதுமில்லை.

மதுரையை அந்நாளில் கொள்ளைநோய் பற்றியிருந்தது. நலமுடையவள் என்று வாங்கிய அடிமைப்பெண் மறுநாளே இறந்தாள். சுல்தானின் மகனும் தாயும் மாண்டனர். பின் சுல்தானும் மறைந்தார். நம் பயணியும் காய்ச்சலில் விழுந்து, முடிவு நெருங்கியதென்றே எண்ணினார். அப்போது இறையருளால் தமக்குத் தோன்றியது என அவர் குறிப்பது யாது? அங்கே மிகுதியாகக் கிடைத்த புளி! ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியைக் கரைத்துப் பருகினார். மூன்று நாள் வயிறு கழிந்து காய்ச்சல் தணிந்தது. நம் அடுக்களைப் புளி அரபு இலக்கியத்தில் ஏறிய கதை இது. தங்குமாறு புதிய சுல்தான் வேண்டியும் அவர் மதுரையில் நிற்கவில்லை.

கொல்லத்தில் சில மாதம் நோயில் கிடந்துவிட்டு வடக்கே சென்றபோது கடற்கொள்ளையர் மறித்தனர். இலங்கையில் பெற்ற மணிகள், உடைகள், யாவும் போயின, காற்சட்டையொன்றே மிஞ்சியது. முன்னர்ப் புகாராவில் எழுதிய குறிப்புகளையும் கடலில் பறிகொடுத்ததாகப் பிறிதோரிடத்தில் கூறுகிறார். பின் வங்கம், சுமத்ரா, சீனம். திரும்பும் வழியில் 1348இல் கொள்ளைநோய் சூறையாடிய சிரியா. தாயைக் காண விரைந்தவருக்கு, அவர் அந்நோயில் இறந்த செய்தியே எதிர்கொண்டது. அதன் பிறகும் ஸ்பெயின் சென்றார், சகாராவைக் கடந்து மாலி சென்றார்.

மொராக்கோச் சுல்தானின் ஆணைப்படி அவர் நினைவிலிருந்து சொல்ல, இப்னு ஜுஸை எழுத, 1355இல் நூல் நிறைவுற்றது. கற்பனை நுழைந்தது இங்கேதான். மக்கா, மதீனா வருணனைகள் சில, முன்னோரான இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தவை. வோல்காக்கரைப் பல்கார் நகருக்குச் சென்றதாகக் கூறும் நாட்கணக்கு பொருந்தவில்லை. சீனப் பகுதியையும் அறிஞர் ஐயுறுவர். அந்நாளிலேயே அரசவையினர் அவரைப் பொய்யர் என்றனர். வரலாற்றறிஞர் இப்னு கல்தூனும் அவ்வாறே கருதினார். அமைச்சர் ஒருவர் அவருக்கு ஒரு கதை கூறினாராம்: தந்தையுடன் சிறையிலேயே வளர்ந்த சிறுவனுக்கு எலியைத் தவிர வேறு விலங்கு தெரியாது, தந்தை ஆட்டை வருணித்தால் அதுவும் எலி போன்றதோ எனக் கேட்பான். இப்னு கல்தூன் தம் வரலாற்று முன்னுரையில் இதனைப் பதிந்துள்ளார். ஆனால் மதுரைப் பகுதியைப் படிக்கையில் இவ்வையம் நமக்கு எழவில்லை. விருந்தளித்த உறவினரைக் குறித்து இத்தகைய பொய் சொல்லி அவர் அடையத்தக்க ஆதாயம் எது?

இறுதிக்காலத்தில் மொராக்கோவில் காஜியாக இருந்து, 1368 அல்லது 1369இல் மறைந்தார். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பதிப்பு வந்த பின்னரே ஐரோப்பா அவரை நன்கறிந்தது. தஞ்சியரில் அவர் அடக்கத்தலம் என ஓரிடத்தைக் காட்டுகின்றனர். மதுரையில் அவர் காய்ச்சலில் கிடந்த வீடும், அவரைக் கரைசேர்த்த படகோட்டிகளின் ஊரும் எவையென்று அறிய வழியில்லை.