மரம் காத்த அறிஞர் ரிட்லி



ரவாங் வட்டாரத்தில் வாழும் நமக்கு ரப்பர் மரம் புதியதன்று. நம் முன்னோர் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, நிரை பிடித்து, மங்கு துடைத்து, காண்டா வாளி சுமந்து நம்மை வளர்த்தனர். வெயில் நாளில் ரப்பர்க் காய் படீரென வெடித்துச் சிதற, அதன் விதைகளைப் பொறுக்கி விளையாடாத தோட்டத்துப் பிள்ளைகள் இல்லை எனலாம். அம்மரத்தின் பட்டையை எவ்வாறு வெட்டினால் மரம் சாகாமல் ஆண்டாண்டாகப் பால் தரும் என்பதை ஆராய்ந்து கூறிய அறிஞர் ஒருவர் உண்டு. அவர்தாம் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. அன்னாரின் வாழ்க்கை வரலாற்றை இவ்வாண்டு மலரில் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்து நாட்டின் நார்போக் மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு கிறிஸ்துவக் குருவானவர். ரிட்லி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி பயின்றார். பின்னர் 1880இல் இலண்டன் மாநகரின் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் தாவரவியல் பகுதியில் பணியேற்றார். அங்கே உலர்ந்த இலைகளையும் மலர்களையும் ஆராய்ந்து வந்த அவருக்கு 1888இல் ஒரு நல்வாய்ப்புக் கிட்டியது. சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக அவர் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. அன்று முதல் ஏறத்தாழ 23 ஆண்டுகள் அவர் இம்மண்ணில் பணியாற்றினார்.

மலாயாவின் காடுகளிலும் மலைகளிலும் அலைந்து செடி கொடிகளைத் திரட்டினார். நமக்கு அண்மையிலுள்ள பத்துமலைக் குகைகளையும் அவர் ஆராய்ந்தார். அங்கு வாழும் ஒருவகைப் பாம்பு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் தொடங்கிய கதை

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் நகரையடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் 100க்கு 4 கூட முளைக்கவில்லை. எண்ணெய்ப் பசை மிகுந்த அவ்விதைகள் சில வாரங்களிலேயே உயிரிழந்துவிடும் என்பதே காரணம். முளைத்த கன்றுகளுட் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன.

அவற்றுள் ஒன்பது பேராவிலுள்ள கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டன. அப்போது அங்கே ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஹியூ லோ என்பவர் செடி வளர்ப்பதில் பேரார்வம் உடையவர். அவர் அக்கன்றுகளைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்டுப் பேணினார். அந்நாளில் நடப்பட்டதெனக் கருதப்படும் ஒரு மரம் அந்நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. மாணவர்களே, நாடு முழுதும் பரவிய ஒரு பெருந்தொழில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் வேரூன்றியது என்பதை எண்ணிப் பாருங்கள்!

பட்டையில் மறைந்திருந்த இரகசியம்

ரிட்லி சிங்கப்பூர் வந்தபோது அங்கே ரப்பர் மரங்கள் இருந்தன. ஆயினும் அவற்றால் பெரும்பயன் விளையும் என எவரும் கருதவில்லை. அமேசான் காட்டில் பால் எடுப்போர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவர். காயம் ஆழமாகப் பதியும். ஆறிய இடம் முண்டு முண்டாகத் திரண்டு நிற்கும். அதன்மேல் மீண்டும் வெட்டுவது அரிது. இம்முறையைக் கொண்டு மரத்தைப் பயிராக வளர்த்துப் பயன்பெறுதல் எங்ஙனம்?

ரிட்லி பொறுமையுடன் ஆராய்ந்தார். பால் மரத்தின் நடுவில் இல்லை. பட்டையிலுள்ள நுண்ணிய குழாய்களில்தான் ஓடுகிறது. பட்டைக்கும் மரக்கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. புதுப்பட்டையை உண்டாக்குவது அதுவே. கத்தி அதனைத் தொடாதவரை மரம் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆகவே பட்டையைச் சாய்வாக மெல்லியதாகச் சீவவேண்டும். அடுத்த முறை புதிய காயம் செய்யாமல், பழைய வெட்டின் கீழ்விளிம்பிலேயே ஓர் இழை சீவவேண்டும். இவ்வாறு மீண்டும் மீண்டும் சீவுமிடத்தில் பால் மிகுதியாக ஊறி வருவதை அவர் கண்டார். வெட்டு கீழிறங்கிச் செல்லச் செல்ல, மேலே புதுப்பட்டை வளர்ந்துவரும். வைகறையில் வெட்டினால் பால் நன்கு ஓடும் என்பதும் தெளிவாயிற்று. வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளிவிடும், பட்டையினுள் அழுத்தம் குறையும், பாலும் சுருங்கும். நம் பெற்றோர் இருள் பிரியுமுன் நிரையில் நின்றதன் காரணம் இதுவே.

பைத்தியக்காரர் என்ற பட்டம்

அறிந்ததைப் பிறருக்கு உணர்த்துவது எளிதாக இல்லை. அக்காலத்துத் தோட்ட முதலாளிகள் காப்பி பயிரிட்டு வந்தனர். ரப்பர் கன்று நட்டால் பால் காண ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்கு எவரும் ஒருப்படவில்லை. ரிட்லியோ சந்தித்தவரிடமெல்லாம் ரப்பரின் சிறப்பை எடுத்துரைத்தார். விதைகளை அவர்தம் சட்டைப் பைகளில் திணித்து அனுப்பினார் என்றும் கூறுவர். இதனால் பைத்தியக்கார ரிட்லி என்னும் ஏளனப் பெயர் அவருக்கு வாய்த்தது. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1890களின் பிற்பகுதியில் காப்பி விலை வீழ்ந்தது. தோட்டக்காரர்கள் திகைத்து நின்றனர். அதற்குள் சிலாங்கூரில் காஜாங் வட்டாரத்துக் கிண்டர்ஸ்லி சகோதரர்களும், 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீனப் பெருமகனாரும் ரிட்லியின் சொல்லை நம்பி ரப்பர் பயிரிட்டிருந்தனர். டான் சே யான் நட்ட பரப்பு ஏறத்தாழ 40 ஏக்கர். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. டயர் செய்ய ரப்பர் வேண்டியதாயிற்று. 1920ஆம் ஆண்டளவில் உலகின் ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது. ஏளனம் செய்த நாவுகள் அடங்கின.

ரிட்லி ரப்பரோடு நின்றவரல்லர். சிங்கப்பூரில் ஏக்னஸ் ஜோக்கிம் என்னும் அம்மையாரின் வீட்டுத் தோட்டத்தில் மலர்ந்த ஓர் ஆர்க்கிட் மலரை 1893இல் அவர் உலகுக்கு அறிவித்தார். அம்மலரே 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. ஓய்வு பெற்றபின் மலாயாத் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் கொண்ட பெருநூலை 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். 83ஆம் வயதில் திருமணம் செய்துகொண்டார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், தம் 100ஆம் வயதில் மறைந்தார். மலாயா விடுதலை பெற அப்போது ஓராண்டும் இல்லை.

கத்தி பிடித்த கைகள்

இவ்விடத்தில் ஒன்றை நாம் மறத்தலாகாது. ரிட்லி வழி கூறினார். அவ்வழியே ஒவ்வொரு நாளும் கத்தி பிடித்தவை நம் முன்னோரின் கைகள். கடல் கடந்து வந்த தமிழ் மக்கள் காட்டை வெட்டினர். மலேரியாக் காய்ச்சலுக்குப் பலர் பலியாயினர். அவர்கள் நூல் எழுதவில்லை, பதக்கம் பெறவில்லை. எனினும் பட்டையில் எவ்வளவு ஆழம் கத்தி இறங்கலாம் என்பதை அவர்தம் விரல்கள் அறிந்திருந்தன. காயம் படாமல் மரம் வெட்டத் தெரிந்த தொழிலாளி, ரிட்லியின் அறிவியலை நாள்தோறும் செயலில் காட்டியவரே ஆவார். தம் தாய் தந்தையர் தொழிலைச் சொல்ல எந்தப் பிள்ளையும் கூச வேண்டுவதில்லை.

நாம் கற்க வேண்டியவை

காலம் மாறிவிட்டது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. வேறு பல வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்து லயத்தின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்த குடும்பங்கள் சிறு முற்றமுடைய வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சென்றுள்ளன. இடம் பெயர்ந்தாலும் மரம் வளர்க்கும் அறிவு நம்மை விட்டுப் பெயரலாகாது. ரிட்லியின் வாழ்க்கை நமக்கு மூன்று பாடங்களைத் தருகிறது.

முதலாவது, விதையின் உயிரை மதித்தல். ரப்பரைப் போன்றே மா, பலா, கறிவேப்பிலை ஆகியவற்றின் விதைகளும் உலர்ந்தால் முளைக்கும் ஆற்றலை விரைவில் இழக்கும். பழத்திலிருந்து எடுத்தவுடன் ஊன்றுக.

இரண்டாவது, பட்டையைக் காத்தல். இலை சமைத்த உணவு பட்டை வழியேதான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் பட்டையை உரித்தால் எவ்வளவு பெரிய மரமும் பட்டுப்போகும். ஆணி அடிப்பதும், கம்பியால் இறுகக் கட்டுவதும், புல் வெட்டும் இயந்திரம் அடிமரத்தில் படுவதும் மரத்திற்குத் தீங்கே.

மூன்றாவது, பொறுமை. கன்றின் வேர்க்கட்டியைப் போல் இருமடங்கு அகலத்தில் குழி வெட்டுக. தண்டு மண்ணில் புதையாதவாறு நடுக. சருகுகளைச் சுற்றிலும் பரப்புக. ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்கவேண்டா. மழை பெய்யாத நாளில் காலையில் நீர் ஊற்றுக. மாவும் பலாவும் வீட்டுச் சுவரிலிருந்து தொலைவில் நிற்கட்டும். செம்பருத்தி, மருதாணி, நந்தியாவட்டை போன்ற குறுஞ்செடிகள் முற்றத்திற்கு ஏற்றவை. அடுக்குமாடியில் வாழ்வோர் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கலாம். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் ஏடிஸ் கொசுவும் பெருகாது.

மாணவச் செல்வங்களே! பிறர் நகைத்தபோதும் ரிட்லி தம் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. கணக்கு வாராமல் கலங்கும்போதும், மற்றவர் எள்ளும்போதும் அவரை நினைவிற் கொள்ளுங்கள். இவ்வாண்டு ஒவ்வொருவரும் ஒரு கன்றேனும் நட்டு, நட்ட நாளை ஏட்டில் குறித்து வையுங்கள். எப்படி நடுவது என்று அறிய உங்கள் தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். மரத்தைப் பற்றி அவர்கள் அறிந்தது ஏராளம். கேட்பதற்குப் பேரப்பிள்ளைகள் வரவேண்டும் என்பதே அவர்தம் விருப்பம்.