ரோட்டில் அல்ல, டிராக்கில்: கார் ரேஸை மலிவாக்கிய கோவை கரிவரதன் யார்?

கிருஷ்ணகிரியில் இருந்து செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகிறது தேசிய நெடுஞ்சாலை 77. சனி, ஞாயிறு வந்தால் பெங்களூரு வண்டிகளும் சென்னை வண்டிகளும் இந்த ரோட்டில்தான் அண்ணாமலையாரைப் பார்க்க வருகின்றன. இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார். பின்னால், ஆசையாகப் புதுப்பித்த ஒரு பழைய கான்டெஸா. பின்னால் வருகிறவர் லைட்டை இரண்டு தடவை அடிக்கிறார், முன்னால் போகிறவர் கியரைக் குறைக்கிறார். யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ரேஸ் ஆரம்பித்துவிட்டது.

இதே செங்கம் சாலையின் ஒரு பகுதிதான் கிரிவலப் பாதையும். 14 கிலோமீட்டர் சுற்று. பௌர்ணமிக்கு மட்டுமில்லை, மற்ற நாட்களிலும் ராத்திரி, விடியற்காலை என்று பாராமல் வெறுங்காலோடு ஜனங்கள் நடக்கிற ரோடு. இங்கே இரண்டு பேரின் விளையாட்டுக்கு மூன்றாவது ஆள் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி, மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் விடுவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடியும் மாட்டினால் ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

சரி, வேகமாக ஓட்டியே தீர வேண்டும் என்கிறவர் எங்கே போவார்? நாற்பது வருடத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர் சுந்தரம் கரிவரதன். நண்பர்களுக்கும் ரேஸ் வட்டாரத்துக்கும் 'கரி'.

மில் வீட்டுப் பிள்ளை

கரி பிறந்தது 1954-ல். லட்சுமி மில்ஸ் குடும்பம், அதாவது கோவையின் பஞ்சாலைப் பெரும்புள்ளிகளில் ஒரு வீடு. ஜவுளி இயந்திரம் செய்கிற ஆலையும் அந்தக் குடும்பத்தினுடையதுதான். லேத்துக்கும் வெல்டிங்குக்கும் ஃபவுண்டரிக்கும் பஞ்சமில்லாத ஊர் கோவை. ஒரு பாகம் வேண்டுமென்றால் வரைந்து கொடுத்தால் போதும், செய்து தர ஆள் இருக்கும். கரியின் கதையில் அவருடைய பணத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு இந்தப் பட்டறைகளுக்கும் உண்டு.

அன்றைக்குத் தென்னிந்தியாவில் ரேஸ் என்றாலே சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருடா வருடம் பந்தயம் நடத்தியது. பார்க்க வருகிற கூட்டம் சும்மா இல்லை, திருவிழாதான்.

ஆனால் ஓடிய வண்டிகளைப் பார்த்தால் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். ஒரு பக்கம் கோண்டல் சமஸ்தானத்து இளவரசர் மாதிரி ஆட்கள், வெளிநாட்டு வண்டிகளோடு வருவார்கள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, ஃபார்முலா 1-ல் ஓடி ஓய்ந்த என்சைன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். இன்னொரு பக்கம் வீட்டு ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து மேய்ந்து, சீட்டைக் கழற்றி, சைலன்சரை மாற்றி ஓட்டியவர்கள். காரை இறக்குமதி செய்வது குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. யார் வீட்டில் எவ்வளவு பெரிய இன்ஜின் இருக்கிறது என்பதிலேயே பாதி ரேஸ் முடிந்துவிடும்.

கரியும் சோழவரத்தில் ஓட்டியவர்தான். நல்ல டிரைவர். வசதியும் இருந்தது. அவரும் ஒரு பெரிய வண்டியோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெரிய இன்ஜினா, குறைந்த எடையா?

இந்தச் சண்டை உலகம் முழுக்க இருந்தது. அமெரிக்காவில் 1964-ல் பான்டியாக் ஜிடிஓ வந்தது. நடுத்தர காருக்குள் பெரிய வி8 இன்ஜினைத் திணித்துச் செய்த வண்டி. 'மஸில் கார்' என்ற வகை பிரபலமானதே அதற்குப் பிறகுதான். டெட்ராய்ட் நகரத்தின் உட்வர்ட் அவென்யூ ராத்திரியில் இந்த வண்டிகளின் ரேஸ் களமாக இருந்தது. இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தை ஆரம்பித்த காலின் சாப்மன் நேர் எதிர். இன்ஜினைப் பெரிதாக்காமல் எடையைக் குறைத்துக்கொண்டே போனார்.

நம்மூரிலும் அந்த ஜோடி இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, 40-க்கும் கொஞ்சம் குறைவான குதிரைத்திறன், எடை சுமார் 650 கிலோ. அதை அடுத்து வந்தது கான்டெஸா. நீண்ட மூக்கு, அகலமான உடம்பு. இன்றைக்கும் இந்தியாவின் மஸில் கார் என்று ரசிகர்கள் கொண்டாடுகிற வண்டி. பிற்பாடு வந்த இசுஸு இன்ஜினில் 88 குதிரைத்திறன், ஆனால் எடை டன்னுக்கு மேல். நேர் ரோட்டில் கான்டெஸா முந்தும். வளைவில் கதை வேறு. கனமான வண்டி திரும்ப யோசிக்கும், நிற்க இன்னும் அதிகமாக யோசிக்கும். லோடு ஏற்றின லாரியும் டிவிஎஸ் 50-யும் ஒரே வளைவில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கரி பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். மாருதி இன்ஜின் சின்னதுதான். ஆனால் அது சுமக்கிற காரைத் தூக்கிப் போட்டுவிட்டால்? கதவு, கண்ணாடி, பின் சீட்டு, டிக்கி எதுவும் வேண்டாம். குழாய்களை இணைத்த ஒரு சட்டகம், ஒரே ஒரு சீட்டு, டிரைவருக்குப் பின்னால் மாருதி 800-ன் இன்ஜின், நான்கு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு சக்கரங்கள். 1988 வாக்கில் வந்த இந்த வண்டிக்குத்தான் ஃபார்முலா மாருதி என்று பெயர்.

பார்த்தால் பொம்மைக் கார். ஆனால் அது இரண்டு விஷயங்களை மாற்றியது. ஒன்று, உதிரிபாகம். இன்ஜின் போனால் லண்டனுக்குக் கடிதம் போட வேண்டாம், பக்கத்துத் தெரு மெக்கானிக் போதும். இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே வண்டி. யாருடைய இன்ஜின் பெரியது என்ற பேச்சே கிடையாது. ஜெயித்தால் ஓட்டத் தெரிந்ததால் ஜெயித்தோம் என்று அர்த்தம். தோற்றால் சாக்கும் இல்லை.

மலிவு என்றால் யாருக்கு மலிவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருப்பவரின் மகனுக்கு அன்றைக்கும் அந்த சீட்டு எட்டாக்கனிதான். டயர், பெட்ரோல், பயணம் எல்லாம் காசு. ராஜாக்களின் விளையாட்டை கரி வசதியான நடுத்தரக் குடும்பங்கள் வரை இறக்கிக் கொண்டுவந்தார். அதற்குக் கீழே அது அவ்வளவாக இறங்கவில்லை.

இறங்கிய அளவுக்குப் பலன் கிடைத்தது. 1990-களின் தொடக்கத்தில் ரேஸ் சோழவரத்தை விட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு மாறியது. ஓடுபாதை இல்லை, வளைவுகளோடு ரேஸுக்கென்றே போட்ட தடம். இலகு கார்களுக்குச் சரியான இடம். அங்கே ஃபார்முலா மாருதியில் தன் முதல் ரேஸை ஓட்டி, முதல் ரேஸிலேயே பரிசு மேடை ஏறினான் கோவைப் பையன் ஒருவன். ராலி சாம்பியன் ஜி.ஆர்.கார்த்திகேயனின் மகன் நரேன். கரி கை கொடுத்துத் தூக்கிவிட்டவர்களில் ஒருவன்.

1995 ஆகஸ்ட்

வேகமும் இலகுவும் கரியைத் தரையோடு விடவில்லை. பறப்பதிலும் ஆசை. 1995 ஆகஸ்ட் மாதம் விமான விபத்தில் இறந்தார். வயது 41.

பத்து வருடம் கழித்து, 2005 மார்ச்சில், மெல்போர்னில் ஜோர்டன் அணிக்காக நரேன் கார்த்திகேயன் களமிறங்கினார். ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர். அதைப் பார்க்க கரி இல்லை.

கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வே. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர், கிரிவலப் பாதையில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்குதான். ஆனால் எதிரே வண்டி வராது, குறுக்கே ஆள் நடக்க மாட்டார், ஆம்புலன்ஸ் ஓரத்திலேயே நிற்கும். எல்ஜிபி ஃபார்முலா 4 என்ற இந்தியத் தயாரிப்பு ஒற்றை இருக்கைக் கார்கள் அங்கே ஓடுகின்றன. அவற்றுக்குள்ளும் மாருதி இன்ஜின்தான்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ரேஸ் நடந்தபோது, ரோட்டிலேயே ஓட்டலாமே என்று பலர் கேட்டார்கள். அது ஊர் ரோடுதான். ஆனால் அரசு அனுமதியோடு போக்குவரத்தை நிறுத்தி, இரண்டு பக்கமும் தடுப்பு கட்டி, சுமார் 3.5 கிலோமீட்டர் ரோட்டை ரேஸ் டிராக்காகவே மாற்றிய பிறகு நடந்த ரேஸ். செங்கம் சாலையில் லைட் அடித்துக் கூப்பிடுகிறவருக்கு அந்தத் தடுப்பு இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்காகும். கான்டெஸாவுக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.