சித்திரம் வரைந்த வைத்தியர்

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். என் கொப்பியின் ஓரங்களில் குறிப்புகளைவிடப் படங்களே அதிகம். அதைக் காணும்போதெல்லாம் உம்மாவின் முகம் சுருங்கிவிடும். அப்படியொரு நாளில்தான் ஒசாமு தெசுக்காவைப் பற்றி வாசித்தேன். யப்பானியச் சித்திரக்கதை உலகின் பெரும் முன்னோடியான அவரும் மருத்துவம் படித்தவர்.

தெசுக்கா 1928 நவம்பர் 3ஆம் திகதி ஒசாக்காவுக்கு அருகே பிறந்தார். வளர்ந்தது தக்கராசுக்கா என்ற ஊரில். எல்லா வேடங்களையும் பெண்களே ஏற்கும் நாடகக் குழுவால் புகழ்பெற்ற ஊர் அது. தாயார் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். சித்திரக்கதைகளையும் வாசித்துக் காட்டினார். தந்தையார் வீட்டிலேயே சிறிய படக்கருவியில் டிஸ்னி, சாப்ளின் படங்களை ஓட்டினார். பூச்சிகள் மீதும் சிறுவனுக்குத் தீராத ஆசை. தன் புனைபெயரில் பூச்சி என்று பொருள்படும் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்.

1945இல் அவருக்குப் பதினாறு வயது. மாணவர்களையும் போர்க்காலத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிய காலம். அங்கே காவற்கோபுரத்தில் நின்றபோது ஒசாக்கா மீது குண்டுகள் விழுந்தன. அவர் உயிர் தப்பினார். பதுங்குகுழிக் கதை இல்லாத வீடே இல்லாத வன்னியில் வாழும் எனக்கு, அந்தப் பக்கத்தை விளக்க யாரும் தேவைப்படவில்லை. பிற்காலத்தில் அவர் கதைகளில் போரின் வெறுமை திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

ஒசாக்காவில் மருத்துவம் படித்துக்கொண்டே வரைந்தார். 1947இல் வெளிவந்த புதிய புதையல் தீவு அவரைப் புகழ்பெறச் செய்தது. வைத்தியராவதா, ஓவியராவதா என்று தாயாரிடம் கேட்டார். எது பிடிக்கும் என்று தாயார் திருப்பிக் கேட்டார். சித்திரக்கதை என்றதும், அதையே செய்யும்படி சொல்லிவிட்டார். ஆனாலும் அவர் படிப்பை நடுவில் விடவில்லை. வைத்தியப் பரீட்சையில் சித்தியடைந்தார். 1961இல் நத்தையின் கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

1952இல் அவர் படைத்த ரோபோச் சிறுவன் அஸ்ட்ரோ போய், 1963 ஜனவரி முதலாம் திகதி தொலைக்காட்சிக்கு வந்தான். பணமும் நேரமும் போதவில்லை. திரையில் ஒரு செக்கனுக்கு 24 படச்சட்டங்கள் ஓடும். ஒரு சித்திரத்தையே 3 சட்டங்களுக்கு நிறுத்தினால் 8 சித்திரங்கள் போதும். இவ்வாறு சிக்கனமாக வாரம் ஒரு படம் தயாரானது. எனினும் 1973இல் அவர் தொடங்கிய நிறுவனம் வீழ்ந்தது. அதே ஆண்டில்தான் பிளாக் ஜாக்கை வரையத் தொடங்கினார். அனுமதிப்பத்திரம் இல்லாமல் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியனின் கதை அது. அனுமதிப்பத்திரம் இருந்தும் தொழில் செய்யாத தெசுக்காவின் மருத்துவ அறிவு முழுவதும் அதில் இறங்கியது.

1989 பெப்ரவரி 9ஆம் திகதி, அறுபதாவது வயதில், இரைப்பைப் புற்றுநோயால் மறைந்தார். அதுவரை ஏறத்தாழ 1,50,000 பக்கங்கள் வரைந்திருந்தார். வைத்தியசாலைக் கட்டிலிலும் பென்சிலை விடவில்லை.

இந்த வரலாற்றை உம்மாவிடம் சொன்னேன். அந்தத் தாயாரின் கதை வந்ததும் உம்மா மௌனமானார். 1990இல் வடக்கிலிருந்து எம்மவர்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பத்து வயது. முல்லைத்தீவு வீட்டில் விட்டுவந்த பொருட்களுள் தன் சித்திரக் கொப்பியும் ஒன்று என்று அன்றுதான் சொன்னார்.

பரீட்சையை மறந்துவிடாதே என்று இப்போதும் சொல்கிறார். நானும் மறக்கமாட்டேன். ஆனால் என் கொப்பியைப் புரட்டும்போது அவர் பார்வை படங்களில் சற்று நின்றே நகர்கிறது.